ஏழாம் நம்பர் அறையும் என் சி லைப்ரரியும்

சி மொழியில் ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்கும் லாட்ஜ் நடத்துகிறவருக்கும் ஒரே தலைவலிதான்: இடத்தைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.

அந்த மொழியில் கம்ப்யூட்டரின் மெமரியில் இடம் வேண்டுமென்றால் நாமே கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். நமக்குப் பின்னால் கூட்டிப் பெருக்க யாரும் வரமாட்டார்கள். இதில் அடிபட்டவர்கள் தைரியமாகப் படிக்கலாம். நான் உங்களைவிட ஜாஸ்தி வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை வேலையை உதறிவிட்டு, மாமனார் தலையில் அடித்துக்கொள்ள, வேங்கிக்காலில் ஒரு அறை பிடித்து போர்டு மாட்டினேன். ஆறு மாதத்தில் கிடைத்த ஒரே வாடிக்கை செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ். எந்த அறையில் யார், எப்போது காலி செய்தார் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு லைப்ரரி, அதாவது எந்த ப்ரோக்ராமும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அடிப்படைத் தொகுப்பு, எழுதி அதன்மேல் ப்ரோக்ராமைக் கட்டினேன். இந்த லாட்ஜும் கைவிட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். முதலாளி நயினார் அதிகம் பேசமாட்டார். ரிசப்ஷனில் இருந்த சரோஜா அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

போளூர் ஜெர்மனிக்காரர்

ஒருவர் விட்டுப்போன மெமரியை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது துடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். நான் துடைக்கவில்லை. காலையில் ஒரு ஜெர்மன் பெண்மணி காலி செய்துவிட்டுப் போனார். மெமரியில் அவருடைய இடம் போளூரிலிருந்து கிரிவலம் வந்த விவசாயி ஏழுமலைக்குப் போனது. அக்கா பெயரையும் ஊரையும் அடித்தார். அடிக்காத கட்டங்களில் பழசு அப்படியே நின்றது. பிரிண்டரில் வந்த சீட்டில் போளூர் ஏழுமலை, நாடு ஜெர்மனி, பாஸ்போர்ட் நம்பரோடு.

வேறு சீட்டு தருகிறேன் என்று கையை நீட்டினேன். ஏழுமலை பழைய சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும் சார். எங்க சம்பந்தி ஒருவாட்டி துபாய் போனதையே ரெண்டு வருஷமா சொல்லிக்கினு இருக்காரு."

வாங்க மட்டும் தெரியும்

துடைக்கக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில் திருப்பிக் கொடுப்பதை மறந்தேன். வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாக மெமரி வாங்கினேன், போனவருடையதை விடவேயில்லை. சாதாரண நாளில் சாயங்காலம் வரை தாங்கும். பௌர்ணமியன்று, கிரிவலம் வந்து குளித்து உடை மாற்ற மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு அறை எடுப்பவர்கள் வாசல் வரை நிற்பார்கள். பதினொரு மணிக்கே திரை உறைந்துபோனது.

"நடுவில் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்" என்று வைத்தியம் சொன்னேன். காரணத்தையும் ரொம்பப் படித்த முகத்தோடு விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "ரூம காலி பண்ணிட்டு சாவிய ஜேபில போட்டுக்கினு போறவங்கள நான் தெனம் திட்றேன். நீங்க பண்றதும் அதேதானே சார்?"

அவசரக் குளியல்

அடுத்த பௌர்ணமிக்குள் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கவைத்தேன். கொஞ்சம் சீக்கிரமாகவே கொடுத்துவிட்டது. ஐந்தாம் நம்பரில் வேலூர்க் குடும்பம். மாப்பிள்ளை மட்டும் வந்து, தான் முன்னால் கிளம்புவதாகச் சொன்னார். அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம். நயினாரே கம்ப்யூட்டரில் அவர் பெயரை நீக்கினார். ஒருவர் போனால் அறையே காலி என்று என் ப்ரோக்ராம் முடிவு கட்டியது. திரையை நம்பி நயினார் மாற்றுச் சாவியைப் புதுத் தம்பதிக்குக் கொடுத்தார். உள்ளே மாமியார் குளித்துக்கொண்டிருந்தார்.

தலையில் ஈரத்துண்டோடு அந்த அம்மாள் இறங்கி வந்து என்னைப் பிடித்தார். "ஏம்பா, உங்க கம்ப்யூட்டருக்குக் கதவத் தட்டத் தெரியாதா?" எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவர் போனபிறகு நயினார் வாயைத் திறந்தார். "சித்ரா பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கும் இப்படினா பழைய நோட்டுக்கே போயிடறேன்."

சாக்பீஸ் கோடு

சாவிப் பலகையில் ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் அக்கா சாக்பீஸால் ஆளுக்கு ஒரு கோடு போடுவார். ஒருவர் கிளம்பினால் ஒரு கோட்டை அழிப்பார். கடைசிக் கோடு போனால்தான் துடைப்பம் மேலே போகும். இதற்குப் புத்தகத்தில் பெரிய பெயர் உண்டு, நான் பரீட்சையில் எழுதிப் பாஸும் ஆகியிருக்கிறேன். இருந்தும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் லைப்ரரியில் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். சேர்ந்து வரும் குடும்பங்களுக்காக, ஒரு அறையின் பேரில் இன்னொரு அறையிலும் ஒரு கோடு போடலாம், அது காலியாகும்வரை இதுவும் காலியாகாது என்று என் மூளையையும் கொஞ்சம் சேர்த்தேன்.

சித்ரா பௌர்ணமியன்று ஏழிலும் எட்டிலும் இரண்டு சம்பந்தி வீட்டார். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆனால் எட்டுக்காக ஏழும், ஏழுக்காக எட்டும் ஆளுக்கொரு கோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. திரையில் 'காலி இல்லை'. வாசலில் கூட்டம். நயினாரின் கை நோட்டை நோக்கிப் போனது. "சாவி ஆணியில தொங்குது, ஆளு எங்க சார்?" என்றார் அக்கா.

ஏழாம் நம்பர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அறை காலி. இறங்கி வந்து, கூட்டம் முறைக்க முறைக்க, ஏழெட்டு வரியை மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் கோடு போதும். அதற்குப் பிறகு அன்று ஒருமுறைகூட நிற்கவில்லை. நயினார் நோட்டை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு எனக்கு டீ சொன்னார். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் காலை அக்காவின் போன். "சார், கம்ப்யூட்டர்ல ஏழு காலினு கரெக்டா காட்டுது. நேத்து மாத்துச் சாவில ஓட்டிட்டேன், அசல் சாவியத்தான் காணோம். யார் எடுத்துட்டுப் போனாங்கனு உங்க ப்ரோக்ராம்ல கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றவன் இன்றுவரை சொல்லவில்லை. நான் எழுதும் எந்த லைப்ரரியும் இப்போது எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை, அந்தச் சாவி மட்டும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.