ரயிலில் எழுந்து நின்றவர்

தாம்பரத்தில் ஏறி என் எதிரே உட்கார்ந்தவர், அந்த வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். மெல்போர்னில் வேலை பார்த்தபோது அவர் கொண்டாடிய கால்பந்து அணியின் துண்டாம். அந்த அணியை விட்டு எதிரணிக்குப் போன நட்சத்திர வீரனுக்கு அன்று கடைசி ஆட்டம், அதுவும் பழைய அணிக்கு எதிராகவே.

"கைதட்டி அனுப்பணுமா? துரோகிடா அவன்! கூச்சல் போட்டு அனுப்புங்க," என்று மைதானத்திலிருந்த நண்பர்களிடம் போனில் கத்தினார். என் மடியில் தூங்கிய குழந்தை விழித்துவிடுமோ என்று தவித்தேன்.

பிறகு போனில் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பார்த்தார். முடிவில் சக வீரர்கள் அவனைத் தோளில் தூக்கிவந்தபோது சட்டென எழுந்து நின்றுவிட்டார். அவர் இடத்தில் உடனே ஒருவர் உட்கார்ந்தார்.

"பாத்தியாம்மா? அவங்க பக்கம் மட்டுந்தான் கையாட்டறான். எங்க பக்கம் திரும்பவே இல்ல," என்றார்.

பல்லாவரம் தாண்டியும் அவர் நின்றபடியே அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.