சேர்ச் வீட்டில் இவர் பாடிய நாள்

என் கணவருக்கு ஒரேயொரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "உது."

எங்கள் ஊர்ப் பேச்சில் அது, இது என்று காட்டும் சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் உது. கால் வலித்தாலும் உது. என்னைக் கூப்பிடுவதற்கும் உதுதான். நாற்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தவருக்கு என் பெயர் தெரிந்திருந்தது, ஆனால் வாயில் வரவில்லை. அது அவருடைய கண்ணில் தெரியும். சொல்லப் பார்ப்பார், மறுபடியும் பார்ப்பார், கடைசியில் இடக்கையால் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியில் ஓங்கி அடிப்பார். நான் வெளியே போய் நடைவழியில் நின்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவேன்.

என் பெயர் பவானி. எங்கள் முருகன் கோயில் மலருக்கு இதை எழுதித் தரும்படி ஐயர் மூன்று தரம் கேட்டுவிட்டார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இவர் பெயர் தில்லைநாதன். முப்பது வருடத்துக்கு மேல் மிசிசாகாவில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மரவேலை செய்தவர். நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை செய்தேன். இருவரும் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கத் தொடங்கியபோதுதான் மோர்னிங்சைட் பகுதியில் இருந்த எங்கள் வீடு எவ்வளவு படிகள் கொண்டது என்று தெரிந்தது. படுக்கை மேலே, சமையல் நடுவில், உடுப்புத் தோய்க்கும் மெசின் கீழே. இவருடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. படி இல்லாத ஒரு வீடு பார்ப்போம் என்று தேடினோம்.

அப்படித் தேடும்போதுதான் ரூஜ் பக்கத்தில், ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகும் பழைய வீதியில், அந்தச் சிறிய சேர்ச்சைக் கண்டோம். சபையில் ஆட்கள் குறைந்துபோய், பதினொரு வருடமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். ஒரே தட்டு. ஒரு மண்டபம், பின்னால் பாதிரியார் உடுப்பு மாற்றும் சின்ன அறை, அவ்வளவுதான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தூசியும் எலிப் புழுக்கையும். இவர் நேரே உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். கூரையைத் தாங்கும் மர வளைகளை ஒவ்வொன்றாக முழுக்கப் பார்த்து முடித்தார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "பவா, இந்த வேலையைச் செய்தவன் என்னிலும் கெட்டிக்காரன். நாங்கள் இஞ்சை இருப்பம்."

நகரசபையில் குடியிருக்க அனுமதி எடுத்தோம். மோர்னிங்சைட் வீட்டை விற்றுவிட்டு, வேலை முடியும்வரை மகள் தர்ஷினி வீட்டுக்குப் போனோம். இவரே பென்சிலால் வரைபடம் போட்டார். பாதிரியாரின் அறை எங்கள் படுக்கையறை. பீடம் இருந்த மேடை சமையலறை. மண்டபம் மிகவும் உயரமென்பதால், குளிர்காலத்தில் சூடு முழுவதும் மேலே போய்விடும் என்று, நடுவில் தாழ்வாக ஒரு பொய்க்கூரை அடித்து இரண்டு அறைகளாகப் பிரிப்பதாக முடிவு. இவரோடு முன்பு வேலை செய்த ரஞ்சன் இப்போது சொந்தமாக வீடு திருத்தும் தொழில் செய்கிறார். அவர் வந்து வேலையைத் தொடங்கினார். நான் என் முருகன் படத்தையும் ஒரு விளக்கையும் கொண்டுபோய் யன்னல் விளிம்பில் வைத்தேன்.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. இவருடைய தங்கை, என் மச்சாள், ரெலிபோனில் சொன்னாள்: "அடுத்தவையின்ரை சாமி இருந்த இடத்திலை கட்டிலைப் போட்டுப் படுத்தால் சும்மா விடுமோ, அண்ணி?" நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தப் பேச்சு நெஞ்சுக்குள் போய் இருந்துகொண்டது. முன்வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் இருந்தார். நாங்கள் போகும்போதெல்லாம் தன் வாசலில் நின்று இந்தக் கட்டடத்தையே பார்ப்பார். கை காட்டினால் தலையசைப்பார், வேறொன்றும் பேசமாட்டார். அவருக்கும் எங்கள்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.

செப்ரெம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை. மகள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கோப்பை நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அம்புலன்ஸ் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் அடைபட்டுவிட்டது என்று டொக்டர் சொன்னார். உயிர் தப்பிவிட்டது. ஆனால் வலக்கை விழுந்துவிட்டது, வலக்கால் பாதி. உது என்ற ஒரு சொல்லைத் தவிரப் பேச்சு முழுவதும் போய்விட்டது. நாங்கள் கதைப்பது அவருக்கு விளங்குகிறது என்றார்கள். திருப்பிச் சொல்லத்தான் முடியாது. விளங்காமலே இருந்திருந்தால் அவருக்கு இவ்வளவு வேதனை இருந்திராது என்று நான் நினைத்த நாளும் உண்டு. முருகன் அதை மன்னிக்கட்டும்.

மச்சாள் சொன்னது பலித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சாமியின் வீட்டை நான் வாங்கினேன், அந்தச் சாமி என் வீட்டைப் பிரித்துப்போட்டது. இப்படித்தான் என் மனம் ஓடியது. முருகனிடமும் கோபம். சின்ன வயதிலிருந்து கும்பிட்ட நீ ஏன் தடுக்கவில்லை? ஆஸ்பத்திரியில் நாலு பேர் படுத்திருக்கும் அறை. முதல் கிழமை வாய்க்குள்ளேயே பதிகம் முணுமுணுத்தேன். பிறகு அதையும் விட்டேன். அறுபது வருடத்தில் முதல் முறையாக விளக்கு வைக்காமல் இருந்தேன்.

மார்கழியில் இவரைச் சக்கர நாற்காலியில் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தர்ஷினி நல்ல பிள்ளை. லீவு போட்டுத் தகப்பனைப் பார்த்தாள். ஆனால் எவ்வளவு காலத்துக்கு? தைப்பூசத்துக்கு முந்திய கிழமை என்னை இருத்திவைத்துச் சொன்னாள்: "அம்மா, நீங்கள் தனிய அப்பாவைப் பாக்க ஏலாது. அந்த சேர்ச்சை வித்துப்போட்டு அப்பாவை ஒரு கெயார் ஹோமிலை விடுவம். பிளீஸ், கொஞ்சம் ரியலிஸ்ரிக்கா யோசியுங்கோ." சொல்லும்போதே அவளும் அழுதாள். நான் ஓம், சரி என்றேன். திங்கட்கிழமை வீடு விற்கும் ஏஜென்ற் வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மத்தியானம், யன்னல் விளிம்பில் வைத்த முருகன் படத்தை எடுத்துவர வேண்டும் என்று கேட்டேன். இவரைத் தனியே விட முடியாது, ஆகையால் மூவரும் போனோம். ரஞ்சன் அங்கே தன் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பொய்க்கூரைக்கென்று இறக்கிய பலகைகள் சுவரோரம் அடுக்கியபடி கிடந்தன. மகள் வெளியே நின்று அவரோடு கதைத்தாள். நான் இவருடைய நாற்காலியை மண்டபத்தின் நடுவில் தள்ளிக்கொண்டுபோய் விட்டேன். இவர் அண்ணாந்து வளைகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

படத்தைக் கையில் எடுத்தேன். ஒருமுறை விளக்கேற்றிவிட்டுப் போவோம் என்று தோன்றியது. ஏற்றினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் கோபத்தோடேயே கேட்டேன், வாய்விட்டே கேட்டேன். "முருகா, இந்த வீடு எனக்கு வேண்டாம். நான் பிழை செய்திருந்தால் என்னைத் தண்டி. இந்த மனிசனுக்கு ஒரு சொல்லைக் குடு. ஒரேயொரு சொல்."

பிறகு, பழக்கத்தில்தான், பதிகத்தை எடுத்துப் பாடத் தொடங்கினேன். இவர் சிறுவனாக இருந்தபோது ஊர்க் கோயில் பூசையில் நின்று பாடிய அதே பதிகம். கலியாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் பாடுவது. நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் தொண்டை திறந்தேன். வெறும் மண்டபம். என் சின்னக் குரல் மேலே போய்ப் பெரிதாகித் திரும்பி வந்தது.

இரண்டாவது வரியில் இன்னொரு குரல் கேட்டது. முதலில் எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆனால் அது ஆண் குரல். திரும்பிப் பார்த்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

இழுத்து, கரகரத்து, ஆனால் சொற்களோடு. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. நான் பாட்டை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. அந்தப் பாட்டை முடியும்வரை தனியாகப் பாடினார். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். "உது... உது..." அதற்குமேல் வரவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். நான் அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். தலையை நிமிர்த்தியபோது வாசலில் மகளும் ரஞ்சனும், அவர்களுக்குப் பின்னால் அந்த முன்வீட்டுக் கிழவியும் நின்றார்கள்.

அவர் பெயர் டோரதி. வீதியால் போனவர், பாட்டுக் கேட்டு உள்ளே வந்திருக்கிறார். அவருடைய தகப்பனார் அந்தச் சபையில் நாற்பது வருடம் மணி அடித்தவர். தானும் அங்கேயே வாத்தியம் வாசித்ததாகச் சொன்னார். பூட்டிய நாள் முதல் ஒவ்வொரு ஞாயிறும் தன் வாசலில் நின்று, இதை இடிக்க விடாதே, இதற்குள் ஒருமுறையாவது யாராவது வந்து பாடட்டும் என்று தன் கடவுளிடம் கேட்டாராம். எந்த மொழியில் பாட வேண்டும், எந்தச் சாமிக்குப் பாட வேண்டும் என்று தான் கேட்டதேயில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

என் நெஞ்சில் நாலு மாதமாகக் கிடந்த கல் அந்த இடத்திலேயே விழுந்தது. அது எங்களை விரட்டிய இடமில்லை. எங்களுக்காகக் காத்திருந்த இடம்.

ஏஜென்றை வரவேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். ரஞ்சன் அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சீலிங் அடிச்சால் இந்தச் சத்தம் செத்துப்போகும், அக்கா. நான் வேறை வழி பாக்கிறன்." அவர் வழி கண்டுபிடித்தார். குளிரைத் தடுக்கும் பஞ்சுப் பலகையைக் கூரைக்கு மேலே, வெளிப்பக்கமாகப் போட்டு, அதற்குமேல் புதிய ஓடுகளை அடித்தார். மேலே போகும் சூட்டைக் கீழே தள்ள இரண்டு பெரிய மின்விசிறிகள். மேடைக்கு ஏற இரண்டு படி இருந்தது. அதைச் சரிவாக்கி நாற்காலி போக வழி செய்தார். மண்டபம் மண்டபமாகவே இருக்கிறது. வேலை நடந்த நாளெல்லாம் இவர் அங்கே இருந்து இடக்கையால் பிழை காட்டுவார். "உது," என்பார். ரஞ்சன் போய்ப் பார்த்தால் உண்மையாகவே அங்கே ஆணி பிசகியிருக்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எனக்கு விளக்கிச் சொன்னார். பேச்சு மூளையின் ஒரு பக்கம், பாட்டு பெரும்பாலும் மறுபக்கம். சிலருக்கு அடைபட்ட பேச்சைப் பாட்டின் வழியாக வெளியே கொண்டுவரலாம். எல்லோருக்கும் வராது. அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை என் தொண்டையைத் திறக்க வைத்தது யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். பதிகத்தின் மெட்டிலேயே "தண்ணி வேணும்" என்று பாட வைத்தோம். "கால் நோகுது" என்று பாட வைத்தோம். மகள் பக்கத்து அறையில் நின்று சிரிப்பாள், இவரும் சிரிப்பார். சில நாள் ஒன்றும் வராது, நாற்காலியில் அடிப்பார். பங்குனியில் ஒருநாள் நான் ரெலிபோனில் கதையாக இருந்துவிட்டேன். பின்னாலிருந்து மெட்டு இல்லாமல், அதட்டலாக ஒரு குரல் வந்தது. "பவா. பால்." திரும்பிப் பார்க்கிறேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. நான் அடுப்பை அணைக்கவில்லை. அப்படியே நின்றேன். இவர் இன்னும் ஏச்சாக மறுபடியும் சொன்னார்: "பால்."

ஒரு சொல் கேட்டேன். முருகன் இரண்டாகத் தந்தான். அதுவும் என் பெயரைச் சொல்லி ஏசுவதற்கு.

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை குடிபுகுந்தோம். மச்சாளும் வந்தாள். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள், தமையன் பாடக் கேட்டாள், தன் சங்கிலியில் கோத்திருந்த சின்ன வேலாயுதத்தைக் கழற்றி முருகன் படத்துக்குச் சாத்தினாள்.

இவருக்கு முழுதாகக் குணமாகிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வலக்கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. ஐம்பது அறுபது சொல் இருக்கிறது, சில நாள் அதிலும் பாதி ஓடி ஒளிந்துவிடும். ஆனால் காலையில் எழும்பினால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாற்பது வருடமாக அது ஒரு கொடை என்று நான் நினைத்ததேயில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் ஓம் என்று சொல்லும்போது நெஞ்சு நிறைகிறது.

இதை வாசிப்பவர்களில் யாராவது என்னைப்போல விளக்கு வைப்பதை விட்டுவிட்டு இருந்தால், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோபமாக இருந்தால் கோபத்தோடேயே போய் நில்லுங்கள். நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாய்விட்டுக் கேளுங்கள். நாம் நினைத்த வாசலால்தான் வரவேண்டும் என்று அவனுக்குக் கட்டளை போடாதீர்கள்.

இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். பாரிசவாதத்தில் பேச்சை இழந்தவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரரும். சைவக்காரர் இருக்கிறார்கள், வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். டோரதி தன் சின்ன வாத்தியத்தை வாசிக்கிறார். அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் பாடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். சரிவுப் பாதை இருக்கிறது, தேத்தண்ணி இருக்கிறது. பாட வராது என்று மட்டும் வெட்கப்படாதீர்கள். அங்கே சுருதி சேர்த்துப் பாடுகிறவர் இதுவரை ஒருவரும் இல்லை.