பூச்சட்டியில் எடுத்த மின்சாரம்

போன வாரம் விருதுநகர் புறவழிச்சாலையில் எங்கள் பேருந்து முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. முன்னால் காற்றாலை இறக்கை ஒன்று நெடுநீள லாரியில் படுத்தபடி, வளைவில் திரும்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

“அந்த ரெக்க திரும்புனாத்தான் நம்ம நகர முடியும். எறங்கி டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி” என்றார் கண்டக்டர்.

இறங்கிப் போய் இறக்கையின் பக்கத்தில் நின்றேன். வெட்கமாக இருந்தது. இறக்கையைப் பார்த்து வெட்கப்படுகிற ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காற்றாலையைத் தரைச்சக்கரம் போல, பொறி பறக்க வரைந்தவன் நான்.

லாரியிலிருந்து எண்ணெய் வாடை வந்தது. சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்திலும் நாள் முழுக்க இப்படி ஒரு வாடைதான். மிஷின் உருளைகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். அங்கே நான் ஆர்ட்டிஸ்ட். ஆர்ட்டிஸ்ட் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவேன். கிளி வரைந்தாலும் அதைச் சுற்றி நட்சத்திரம், ரோஜா வரைந்தாலும் அதிலிருந்து பொறி. கை அப்படிப் பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் வரையச் சொன்னார்கள். தும்பிக்கையில் தீப்பிடித்த மாதிரி இருக்கிறது என்று பெண் வீட்டார் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படிப்பட்டவனிடம்தான் முதலாளி, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற சார்ட்டுக்குப் படம் கேட்டார். தலைப்பு, ‘மின்சாரம் எப்படி உருவாகிறது’. நிலக்கரி, அணை, காற்று, அணு என்று நாலு கட்டம். நிலக்கரிக் கட்டத்தில் கொழுந்துவிட்டு எரியும் தீ, அதிலிருந்து நேராக ஒரு கம்பி, கம்பியின் முனையில் பல்பு. அணையில் தண்ணீர் புஸ்வாணப் பூச்சட்டி போலச் சீறியது; அந்தத் தண்ணீரிலிருந்தும் ஒரு கம்பி. காற்றாலைதான் சொன்னேனே, தரைச்சக்கரம்; அதன் பொறியிலிருந்தும் ஒரு கம்பி. அணு உலையின் உச்சியில் ஒரு திரி வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் அடித்து முடித்தாகிவிட்டது. கோடும் எழுத்தும் கறுப்பில்தான் வரும். கறுப்புக்கான தகட்டை மிஷினில் பூட்டி, முதல் நாலைந்து தாளை ஓட்டிப் பார்த்தார்கள். மிச்சம் சாப்பாட்டுக்குப் பிறகு. பள்ளிக்கூடம் திறக்கிற சீசன்; மறுநாள் லோடு போக வேண்டும்.

தாள் எண்ணுகிற பேச்சியம்மாள் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். எங்கள் அச்சகத்துக்கு வருவதற்கு முன் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள்.

“அண்ணாச்சி, தீயில இருந்து கம்பிக்கு எப்படி கரண்டு வருது?”

“எரியுதுல்லா, அதான் வருது.”

“நானும் பத்து வருசம் பூச்சட்டிக்கு மருந்து அடைச்சிருக்கேன். ஒரு சட்டியிலயும் கரண்டு வரலையே.”

சிரித்துச் சமாளித்தேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக என் சைக்கிளைப் பார்த்துவிட்டேன். சக்கரத்தோடு உரசுகிற டைனமோ. சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும், நின்றால் அணையும். நிலக்கரியை எரிப்பது தண்ணீரைக் கொதிக்கவைக்க. அந்த நீராவி ஒரு விசிறியைச் சுற்றும், விசிறி டைனமோவைச் சுற்றும். அணையில் தண்ணீர் விழுந்து சுற்றும், காற்றாலையில் காற்றே சுற்றும். அணுவைப் பிளந்தும் கடைசியில் வெந்நீர்தான் வைக்கிறார்கள். நாலு கட்டத்திலும் சுற்ற வேண்டிய டைனமோவை நான் விட்டுவிட்டேன். (சுற்றாமலே கரண்டு தருகிற சோலார் இப்போது மல்லாங்கிணறு பக்கம் காடுகாடாகக் கிடக்கிறது. அன்றைக்குச் சார்ட்டில் அது ஒன்று இருந்திருந்தால் கொஞ்சம் மானம் தப்பியிருக்கும்.)

முதலாளியிடம் ஓடினேன். கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும், அரை நாள் கொடுங்கள் என்றேன்.

“சொவத்துல மாட்டத்தானவே வாங்குதாக? சொவரு கேள்வி கேக்குமா? போயி சோலியப் பாரும்.”

திரும்பி வந்தேன். பேச்சியம்மாள் அங்கேயே நின்றாள்.

“எம் மக படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் இதான் போகுது. தப்பாப் படிச்சு தப்பா எழுதுனா, நீங்களா வந்து மார்க்கு போடுவீக?”

மிஷின்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். லேபிள் வெட்டுகிற கத்தியை எடுத்தேன்.

“நான் அங்கிட்டுப் பாத்து நிக்கேன்” என்றாள் அவள்.

தகட்டின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. என் வாழ்க்கையில் பொறி பறக்காமல் நான் போட்ட முதல் கோடு அதுதான்.

முதலாளி வந்தார். “யாருலே இத கீறுனது?”

“பிளேட்டுக்கே பொறுக்கல போல மொதலாளி” என்றாள் பேச்சியம்மாள்.

அவள் தலையில் பழி விழும் என்று தோன்றியதும் எனக்கு நாக்கு வந்துவிட்டது. “நான்தான் கீறுனேன். தெரிஞ்சேதான் கீறுனேன். இதே படத்துக்கு இன்னொரு பிளேட்டு போட்டீகன்னா அதையும் கீறுவேன்.”

அவர் கத்தியதை இங்கே எழுத முடியாது. ஆனால் லோடு போயாக வேண்டும், வரைய வேறு ஆளில்லை. சாயங்காலத்துக்குள் நாலு கட்டத்திலும் கறுப்புக் கோட்டில் விசிறியும் டைனமோவும் வரைந்தேன். திரியை எடுத்தேன். புதுத் தகடு வந்தது. சார்ட் மறுநாள் போனது. சனிக்கிழமை கணக்கு முடித்து அனுப்ப, நானும் போனேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்படச் சொல்லி வீட்டில் நிறையப் பேர் முயற்சி செய்தார்கள்.

இப்போது அந்த அச்சகம் இருந்த இடத்தில் வேன்கள் நிற்கின்றன. வரைகிற மேசைகள் எங்கே போயினவோ. நிறம் நிறமாக அடித்து, கறுப்புக்காகத் தாள்கள் காத்திருந்த அந்தச் சாப்பாட்டு நேர இடைவெளியும் போய்விட்டது. தப்பான படம் ஒன்று இன்று கிளம்பினால், நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஊரெல்லாம் ஆளாளின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கீறுகிற திமிர் எனக்கு இன்னும் குறையவில்லை. கீறுவதற்குத்தான் ஒரு தகடு கிடைக்க மாட்டேன் என்கிறது.