வந்தவர் முன்னால் படுத்திருந்த அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர் அப்பாவின் இஸ்திரிச் சட்டையைக் கேலி செய்தவர்கள்தாம். முள்ளிப்பட்டில் பிறந்து, ஆரணிக்கு வந்து, பட்டு நெய்து எங்களை ஆளாக்கியவர் அப்பா. தறியில் பனியன், வாசலில் ஆள் குரல் கேட்டால் உடனே சட்டை. அதில் அவருக்கு அப்படியொரு வீம்பு.

முதுகெலும்பில் புற்றுநோய் வந்து அப்பா படுக்கையில் விழுந்தார். முதுகெல்லாம் புண். அம்மாதான் புரட்டுவார், கழுவுவார், கட்டுப் போடுவார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுவார். நர்ஸை வீட்டுக்கே அனுப்பும்படி நகராட்சியில் மனுக் கொடுத்தோம். நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவார் என்று தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குத் தகவல் வந்தது.

அன்று காலை அப்பா ஒரே பிடிவாதம். “வூட்டுக்கு வர்றவங்க எதிர்ல படுத்துகினு இருக்கிறதா? என்னைத் தூக்கித் தறியில குந்த வைங்க.” தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, முன்னால் இருக்கும் தறியின் குறுக்கு மரத்தில் மார்பைச் சாய்த்தால் விழாமல் இருப்பார். சட்டை மாட்டி, விபூதி இட்டு உட்கார வைத்தோம். அதிகாரியிடம் சிரித்துப் பேசி, காப்பியும் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். அவர் தெரு தாண்டியதும் வலியில் துடித்துவிட்டார்.

‘தறியில் உட்காரும் அளவுக்கு நலம், நர்ஸ் தேவையில்லை’ என்று பதில் வந்தது. அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன், கண்ணால் கண்டதை எழுதினார். என் கோபமெல்லாம் அப்பாமேல்தான்.

மேல்முறையீடு செய்தோம். ஆணையரே வருவதாகச் சொன்னார். அப்பா மறுபடியும் சட்டை கேட்டார். எதற்கும் வாய் திறக்காத அம்மா அன்று வெடித்தார்.

“சட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்னால முடியலைங்க. நான் வுழுந்துட்டா உங்களை யாரு புரட்டுவாங்க?”

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “ஜன்னலை நல்லாத் தொறந்து வைம்மா, வெளிச்சம் வரட்டும்” என்றார்.

ஆணையர் வந்தபோது, “மன்னிச்சுக்கங்க சார், எழுந்திருக்க முடியல” என்று சொல்லி, ஒருக்களித்து வெற்று முதுகைக் காட்டினார். கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆணையர் பாயோரம் தரையில் உட்கார்ந்து, “படுத்துகினே பேசுங்க, பெரியவரே” என்றார். அந்த வாரமே உத்தரவு வந்தது. அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு.

அந்த ஆணையருக்கும், மேல்முறையீட்டை எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டு வாத்தியாருக்கும், மழையிலும் சைக்கிளில் வந்த நர்ஸ் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. நர்ஸ் வரத் தொடங்கிய பிறகுதான் அம்மா பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

கடைசி நாளும் அப்படித்தான். மதியம் நர்ஸ் கட்டு மாற்றும்போது அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. பக்கத்து அறையில் இருந்த அம்மாவை எழுப்ப எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவ தூங்கட்டும்மா.”