கொய்யா இலையில் பூசிய தைலம்

பிள்ளைகளே, பொய் சொல்லாதே, யாரையும் கேலிக்கு ஆளாக்காதே என்று உங்களிடம் ஓயாமல் சொல்கிறேனே, அந்த இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தவன் நான். அப்போது ஆறாம் வகுப்பு.

அப்பாவின் தங்கையும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக் காம்பராவில் எங்களோடுதான் இருந்தார். கொழுந்து பறித்துப் பறித்து அத்தைக்கு மணிக்கட்டு வீங்கிவிடும். மலை உச்சியில், காட்டோரமாக ஒரு சின்னச் செடி உண்டு. அதன் இலையைக் கசக்கினால் கடைத் தைலம் போலவே மணக்கும். அதை அரைத்துக் கட்டுவார். வலி குறையும், வீக்கமும் தணியும். கை வீங்கிய பெண்களெல்லாம் அத்தையைத் தேடித்தான் வருவார்கள். பிள்ளை இல்லாதவர் என்று மற்ற நல்லது கெட்டதுக்கெல்லாம் ஒதுக்கிவைத்த லயம், அந்த ஒன்றுக்காகத்தான் அவரை மதித்தது.

இலை பறித்து வருவது என் வேலை. மேலே போனால் அட்டைக்கடி. ஒருநாள் சோம்பல்பட்டு, லயத்துக்குப் பின்னால் நின்ற கொய்யாவில் இலை பறித்து, நானே அரைத்து, மணத்துக்காக அப்பாவின் கடைத் தைலத்தை அதில் நன்றாகப் பூசிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அத்தை, "நல்லாக் கேட்டுச்சுடா தம்பி" என்று கையை மடக்கி நீட்டிக் காட்டினார்.

எனக்குப் பயம் வரவில்லை, பெருமை வந்தது. கொய்யா இலைக்கே வலி போகிறதென்றால் அத்தையின் வைத்தியம் வெறும் மணம்தானே? பள்ளியில் விஞ்ஞானத்துக்குப் பரிசு வாங்கியவன் அல்லவா! பீலிக்கரையில் அத்தையோடு தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும், கட்டியது கொய்யா இலைதான் என்று சொல்லிவிட்டேன்.

"என்னக்கா, நாளைக்கு வாழ எலையக் கட்டுனாலும் வலி போயிருமா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"எலை எதுக்குடி? அக்கா கண்ணால பார்த்தாலே போதும்!" என்றாள் இன்னொருத்தி.

அத்தை என்னைப் பார்த்தார். "நெசமாவாடா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அவருடைய குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை.

அதன்பின் யாரும் வரவில்லை. அத்தையும் இலை கட்டவில்லை. வீங்கிய கையோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவார். அம்மா கேட்டால், "அதெல்லாம் சும்மா நெனப்புதான் மதினி. தம்பிதான் கண்டுபுடிச்சிட்டானே" என்பார்.

போன வருடம் முழங்கால் வீங்கி, ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். தைலம் கொடுத்தவரிடம் பேச்சுவாக்கில் அந்த இலையைப் பற்றிச் சொன்னேன்.

"இந்தப் போத்தல்ல மணக்குறது வேற என்னங்க? அந்த எலையில உள்ள அதே சத்துதான்" என்றார். "மொதல்ல எலையில இருந்துதான் எடுத்தாங்க. இப்ப ஃபெக்டரியில செய்றாங்க. வலிக்கும் வீக்கத்துக்கும் நாம போடுற குளிசையில சிலதுகூட இப்படிச் செடி கொடியில ஆரம்பிச்சதுதாங்க."

கடை வாசலிலேயே போத்தலைத் திறந்து முகர்ந்தேன். அன்று கொய்யா இலையில் நான் பூசியது அத்தையின் மருந்தையேதான். நான் வைத்த பரீட்சையில் அத்தை தேறியிருந்தார். தோற்றுவிட்டார் என்று ஊருக்குச் சொன்னவன் நான். சொல்லித் திருத்திக்கொள்ள இன்று அத்தை இல்லை.

பீலிக்கரையில் சிரித்த பெண்களும் அடுத்த நாளிலிருந்து வீங்கிய கையோடுதான் கொழுந்து பறித்திருப்பார்கள். பரிசு வாங்கிய அந்தப் பையனுக்கு அதுவும் விளங்கவில்லை.