பெட்டிக்குள் போன மழைக்காரி

போன மாதம் வவுனியாவில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டிக்குள் என் சிநேகிதி சுபத்திரா. அவளுடைய வலது கை மடிப்புக்குள் ரெயின்கோட் போட்ட ஒரு பொம்மை.

அதைக் கண்டதும் எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? 'ஐயோ, என்ர சுபத்திரா' இல்லை. 'ஐயோ, பூமாலைச் சாயம் அந்த ரெயின்கோட்டிலை ஊறப்போகுதே' என்பதுதான்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது அதுதான். என்ன செய்ய?

என் பொம்மைப் பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்குச் சுருக்கமாக: கிளிநொச்சியில் காணிக் கந்தோரில் வேலை பார்க்கிற, தலை நரைத்த ஒரு மனுசி நான். என் கணவர், இவர், உருத்திரபுரத்தில் வயல் செய்கிறார். எங்கள் வீட்டு ஹோலில் கண்ணாடி அலுமாரி ஒன்று. அதற்குள் பீங்கான் கோப்பை இல்லை, பிள்ளைகள் வென்ற கேடயமும் இல்லை — பொம்மைகள்.

சந்தையில் தொங்குகிற பிளாஸ்டிக் பொம்மை இல்லை. ஜப்பானில் ஒரு சின்னக் கொம்பனி கையால் செய்வது. ஒரு முழ உயரம். முழங்கை, மணிக்கட்டு, விரல்வரை மடியும். உள்ளே இலாஸ்ரிக் ஓடும். தலையின் பின்பக்கத்தைக் கழற்றிக் கண்ணை மாற்றலாம், தலைமயிரை மாற்றலாம். விலை? என் ஒரு மாதச் சம்பளம் காணாது. "அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல ஆடு வாங்கலாம்" என்று இவர் சொல்வார். உண்மைதான். ஆனால் ஆட்டுக்குக் கண் மாற்ற ஏலாதே!

வன்னியில் இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொரு ஆள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சுபத்திரா இருந்தாள். வவுனியாவில் ஆங்கில ரீச்சர். பேஸ்புக்கில் ஒரு பொம்மைக் குழுவில் தமிழில் கொமென்ட் போட்டாள், பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கிழமைக்கு நாலு தரம் ரெலிபோன். மழைகாலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்வது, வெயிலில் முகம் மஞ்சளாகாமல் எந்தப் பக்கம் அலுமாரியை வைப்பது... இவற்றை வேறு ஆரோடு கதைக்க முடியும்?

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊர் அதையும் பொம்மையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. சுபத்திராவுக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும்.

"பிள்ளை இல்லாததுக்கு ஆரும் பொம்மை வாங்குவினமோ? வடிவா இருக்கு, வாங்கிறன். அவ்வளவுதான். சீலை வாங்கிற பொம்பிளையளிட்டை ஆரும் காரணம் கேக்கினமோ?"

சரி, அந்தப் பொம்மைக்கு வருகிறேன். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு வைத்த பெயர் மழைக்காரி. சாம்பல் நிற ரெயின்கோட், தலைக்கு மேல் தொப்பி, கையில் ஒரு விரலளவு குடை. வாய் இலேசாகத் திறந்திருக்கும், ஏதோ சொல்ல வந்து மறந்துபோன மாதிரி. அவள் கடைக்கு வந்த நேரம் நாட்டில் டொலர் இல்லை. அவசியமில்லாத சாமான் எதுவும் இறக்கக் கூடாது என்று மறித்துவைத்திருந்தார்கள். நான் பெற்றோல் வரிசையில் நின்றேன். சுபத்திராவின் தம்பி லண்டனில் இருந்து வரும்போது மழைக்காரியை உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

சாமான் இறக்கத் திரும்ப வழி திறந்தபோது நான் கொம்பனிக்கு எழுதினேன். மரியாதையான ஒரு பதில் வந்தது. அச்சுத் தேய்ந்துவிட்டது, இனிச் செய்யமாட்டோம். 'டிஸ்கன்டினியூட்.'

அந்தச் சொல்லை வீட்டில் சொன்னபோது இவருக்கு விளங்கவில்லை. "சாமான் தானே, விடும்" என்றார். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சண்டை நேரம் வீடு நிறைந்த சாமானை அப்படியே விட்டுவிட்டு நடந்த சனம். அதற்குமேல் என்ன சொல்வார்கள்? ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் — எல்லாவற்றையும் விட்டவர்களுக்குத்தான் ஏதாவது ஒன்றை விடாமல் பிடிக்கவேணும் என்ற வெறி வருமோ?

நிறுத்திய பொம்மையைத் தேடுகிறவர்கள் செய்வதெல்லாம் நானும் செய்தேன். வெளிநாட்டு ஏலப் பக்கங்களைத் துழாவினேன். ஒருதரம் ஏமாந்து ஒரு போலியை வாங்கினேன் — முகம் வீங்கிய மாதிரி, ரெயின்கோட் பொலித்தீன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. கடையில் இல்லாத பொம்மை திரும்பச் சந்தைக்கு வருவதற்கு இரண்டே வழிதான். வைத்திருப்பவர் நொடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாக வேண்டும். ஏல விளம்பரங்களில் 'காலமான அம்மாவின் சேகரிப்பு' என்று போட்டிருப்பார்கள். நாங்கள் அதைப் படித்துச் சந்தோசப்படுவோம். யோசித்துப் பாருங்கள், என்ன பொழுதுபோக்கு இது?

சுபத்திராவிடமும் கேட்டிருக்கிறேன். ஒருதரம் இல்லை, பலதரம். "என்ர எல்லாத்தையும் எடும், மழைக்காரியை மட்டும் தாரும்" என்று.

"நான் செத்தாப் பிறகு எடும்" என்று சிரிப்பாள்.

போன வருடம் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கண்டுபிடிக்கும்போதே பரவிவிட்டது. கொழும்புக்கும் வவுனியாவுக்குமாக அலைந்தார்கள். தலைமயிர் கொட்டியது. "பொம்மையளுக்கெல்லாம் ரெண்டு மூண்டு விக் வச்சிருக்கிறன். எனக்கு அளவானது ஒண்டுமில்லை" என்றாள். நான் சிரித்தேன். ரெலிபோனை வைத்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிநொச்சியில் ரெயின் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கடைசி மாதங்களில் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. ஒருநாள் மழைக்காரியைக் காட்டி, "கண்ணை மாத்திவிடும், அந்தப் பச்சைக் கண்ணைப் போடும்" என்றாள். கட்டிலடியில் கதிரையைப் போட்டு, மழைக்காரியின் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பழைய கண்ணை மெல்லத் தள்ளி எடுத்தேன். முதல்தரமாக அவளை அவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறேன். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"உண்மையைச் சொல்லும்" என்றாள் சுபத்திரா. "நீர் என்னைப் பாக்கவோ வாறனீர், அவளைப் பாக்கவோ?"

கழற்றிய கண்ணைக் கட்டில் நுனியில் வைத்தேன். பிறகு சொன்னேன், "ரெண்டு பேரையும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபமோ என்று பயந்துபோனேன்.

"அதுதான் நீர் வந்தா நல்லாயிருக்கு. மற்றவை எல்லாரும் என்ர வருத்தத்தைப் பாக்கத்தான் வருகினம்" என்றாள். பிறகு, "அவள் உமக்குத்தான். நான் என்ர மனுசனிட்டைச் சொல்லிவைக்கிறன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவளும் பிடித்துக்கொண்டு இருந்தாள். அடுத்த ஞாயிறு போனபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது.

இனிச் செத்தவீட்டுக்கு வருகிறேன்.

சுபத்திராவின் கணவர் புவனேந்திரன் அண்ணைக்கு வவுனியாவில் ஒரு ஹார்ட்வெயார் கடை. நல்ல மனுசன், கதை குறைவு. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மையை அவர்தான் வைத்தார் என்று சொன்னார்கள். விடிய எழும்பி, அலுமாரியைத் திறந்து, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் கொண்டுவந்து அவளுடைய கைக்குள் வைத்தாராம்.

எனக்குப் பின்னால் அண்ணையின் தமக்கை ஆருக்கோ காதுக்குள் சொன்னா: "பிள்ளை ஒண்டைக் காணாத மனுசி. பொம்மையோடையாவது போகட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கும்போது சுபத்திரா எந்தக் கதையை வெறுத்தாளோ, அதே கதையை அவளுடைய கையிலேயே வைத்து அனுப்பப்போகிறார்கள். அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், அது என் பொம்மை. அவள் எனக்குத் தந்தது. உலகத்தில் இனி ஒருத்தரும் செய்யப்போகாத பொம்மை. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் நெருப்புக்குள் போகப்போகிறது.

பெட்டியை மூடப்போகிறோம், பார்க்கிறவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். பறை கிட்ட வந்துவிட்டது. நான் எழும்பிப் போனேன். அண்ணைக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணை... இந்தப் பொம்மை..." என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரவிரவாக நித்திரையில்லாத கண். "இருக்கட்டும் தங்கச்சி" என்றார். கெஞ்சுகிற குரல்.

அதற்குமேல் என்ன கேட்க? அவள் எனக்குத் தந்தவள் என்று அந்த இடத்தில் நின்று சொல்ல எந்த வாய்க்கு வரும்? குனிந்தேன். மழைக்காரியின் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நிமிர்த்தி, கழுத்தடிப் பொத்தானைப் பூட்டிவிட்டேன். சுபத்திராவின் விரலைத் தொட்டேன். குளிர்ந்து, மரம் மாதிரி. மழைக்காரியின் விரலும் அப்படித்தான் இருந்தது.

மூடினார்கள். ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போக, நாங்கள் பெண்கள் படலையடியில் நின்று அழுதோம்.

திரும்பி வருகிற ரெயினில் யன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதேன். ஆருக்காக அழுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஓமந்தை தாண்டியதும் அழுகை நின்று கோபம் வந்தது. சுபத்திரா சொல்லாமலே போய்விட்டாளோ? அல்லது சொல்லியும் இந்த மனுசன் கேட்கவில்லையோ? அந்தக் கோபத்தை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை வைத்து வளர்த்தேன். இவரிடம் சொன்னேன். "எரிச்சது எரிச்சதுதான். போய்ச் சாப்பிட்டிட்டு வாரும், ஒண்டும் கேக்காதேயும்" என்றார்.

போன வெள்ளி அந்தியேட்டி. சாப்பாடு முடிந்து சனம் கலைந்துவிட்டது. சுபத்திராவின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தமக்கையார் அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றா.

"இதுகளைப் பாலர் பாடசாலைக்குக் குடுத்துவிடுவம். வீட்டுக்குள்ளை வச்சிருந்தா தம்பிக்கு மனம் ஆறாது" என்றா.

"ஒண்டையும் எடுக்கவேண்டாம் அக்கா" என்று பின்னால் குரல் கேட்டது. அண்ணை. அக்கா ஒரு பெருமூச்சோடு குசினிப் பக்கம் போய்விட்டா.

அண்ணை கட்டில் நுனியில் இருந்தார். என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். 

"அவா எனக்குச் சொன்னவா தங்கச்சி" என்றார். "மழைக்காரியை உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி. நான் ஓம் எண்டும் சொன்னனான்."

நான் கதிரை நுனிக்கு வந்தேன்.

"குடுக்கத்தான் இருந்தனான். விடியக்காலமை குளிப்பாட்டி, சீலை உடுத்திக் கிடத்திவிட்டினம். பாத்தன்... அவா ஒருநாளும் தனியப் பயணம் போறேல்லை. டவுனுக்கெண்டாலும் ஆரையும் கூட்டிக்கொண்டுதான் போவா. தனிய அனுப்ப எனக்கு மனம் வரேல்லை. நான் போக ஏலாத பக்கம் ஆரை அனுப்ப?"

அவ்வளவுதான். பிள்ளை இல்லாத கதையும் இல்லை, வேறு எந்தக் கதையும் இல்லை. நான் கொண்டுபோன கோபத்தை வைக்க அந்த அறைக்குள் இடம் இருக்கவில்லை.

"உங்கட சாமானை நான் எரிச்சுப்போட்டன். இதுக்குள்ளை வேற எதெண்டாலும் எடுங்கோ" என்றார்.

என் கண் அலுமாரிக்குப் போகவில்லை என்று சொன்னால் நம்பாதேயுங்கள். போனது. அங்கே இன்னும் இரண்டு, கொம்பனி நிறுத்தியவை. என்னிடம் இல்லாதவை. கைக்கெட்டும் தூரம்.

"அவளின்ரை எல்லாம் ஒரு இடத்திலை இருக்கட்டும் அண்ணை" என்றேன். சொல்லிய பிறகுதான் எனக்கே தெரிந்தது, அதுதான் என் விருப்பமும் என்று.

அவர் தலையாட்டினார். எழும்பிப் போய், மேல்தட்டில் இருந்து நீலச் சட்டைக்காரி ஒருத்தியைக் கொண்டுவந்தார். இடது கை கழன்று சட்டைக் கைக்குள் தொங்கியது. இலாஸ்ரிக் அறுந்திருந்தது.

"நேற்றுத் தூசு துடைக்கப்போய்... புதுக்கை எடுக்கலாமோ? எங்கை எழுதவேணும் எண்டு சொல்லுங்கோ. என்ன விலையெண்டாலும் பறவாயில்லை."

"இது நிப்பாட்டினது அண்ணை. இனி வராது."

அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பதறிவிட்டது. "கை உடையேல்லை, நூல்தான் அறுந்தது. பூட்டலாம்" என்று அவசரமாகச் சொன்னேன்.

கடையில் இருந்து மெல்லிய கம்பி கொண்டுவரச் சொன்னேன். தையல்பெட்டியில் இலாஸ்ரிக் இருந்தது. கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்து, இலாஸ்ரிக்கைத் தோளுக்குள்ளால் விட்டு இழுத்தேன். அவர் பொம்மையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சீமெந்து மூட்டை தூக்குகிற கை. ஒருதரம் வழுக்கிப்போய்த் திரும்பவும் இழுக்க, கை டக்கென்று இடத்தில் பொருந்தியது.

நிறுத்திய சாமானுக்கு இதற்குமேல் வைத்தியம் இல்லை. பதிலுக்கு ஒன்று கிடைக்காது. மிச்சம் இருப்பதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு இருக்கலாம், அதுவும் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால்.

"சட்டையை நான் போட்டுவிடட்டோ?" என்று கேட்டார் அண்ணை. கொடுத்தேன். முதுகுப் பக்கம் சின்னச் சின்னக் கொக்கிகள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் எடுத்து எல்லாவற்றையும் பூட்டினார்.

ஒரு கொக்கி மாறிப் பூட்டியிருந்தார். நான் திருத்தவில்லை.