ஸ்டெல்லா அக்காவின் கைப்பேசியில் திறந்த தேர்வுப் பக்கம்

அன்று தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரு பயிற்சி மையம். ஊழியர்களுக்கான கணினிவழித் தேர்வு தொடங்கிவிட்டது, ஆனால் ஒருவருக்கும் வினாத்தாள் திறக்கவில்லை. தேர்வை நடத்தும் சர்வர்களை அமைத்தவள் நான்தான்.

“மேடம், திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ராட்டினம்கூட ஒரு நேரத்துல நிக்கும்,” என்றார் ஒருவர்.

“டிக்கெட் எடுத்தாச்சுல்ல, உக்காரு லா,” என்றார் அடுத்தவர்.

செல்வம் என்ற வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வேலை அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது. தேர்வில் தேறினால்தான் நீட்டிப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். மதியம் அந்த அறை வேறு வகுப்புக்குப் போய்விடும்.

“இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்ல மேடம்.”

வருகிறவர்களை மூன்று சர்வர்களுக்கும் பிரித்து அனுப்ப லோட் பேலன்சர் வைத்திருந்தேன். முதல் சர்வர் மூச்சுத் திணறியது. மற்ற இரண்டும் சும்மா கிடந்தன. அவை செத்துவிட்டன என்றே நினைத்து, திரும்பத் திரும்ப அணைத்து இயக்கினேன். பலனில்லை. ஒத்திகையில் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து நுழைந்தபோது நன்றாகத்தானே ஓடியது! கண்ணீர் வந்தது.

எங்கள் செபக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எதற்காக மன்றாடுகிறோமோ அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மன்றாடுவோம். ஆகவே தேர்வுப் பக்கத்தின் இணைப்பையே குழுவுக்கு அனுப்பி, “இது திறக்க வேண்டும், மன்றாடுங்கள்” என்று எழுதினேன். பிறகு கண்ணை மூடி, “ஆண்டவரே, எனக்கு வழி தெரியவில்லை” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கைப்பேசி ஒலித்தது. திருப்பலி முடிந்து ஃபேரர் பார்க் பகுதியில் சாப்பிட உட்கார்ந்திருந்த எங்கள் குழுவின் ஸ்டெல்லா அக்கா.

“எனக்குத் திறந்துருச்சேம்மா. பேரு, நம்பர் கேக்குது. என் பேரைப் போடவா?”

“ஐயோ, போடாதீங்க அக்கா. வெல்டிங் கேள்வி வரும்.”

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். அக்கா வந்து நின்றது இரண்டாவது சர்வரில்! அது சாகவில்லை. அப்போதுதான் புரிந்தது. பாதியில் விடைகள் தொலையக் கூடாது என்று, ஒரே இணைய இணைப்பின் ஐ.பி. முகவரியிலிருந்து வருபவர்களை ஒரே சர்வருக்கு அனுப்பும்படி அமைத்திருந்தேன். இந்த அறை முழுவதும் ஒரே இணைப்பு. வெளியே தெரிவது ஒரே முகவரி. அத்தனை பேரையும் நானே ஒரு வாசலில் நெருக்கியிருக்கிறேன்!

ஒவ்வொரு கணினியையும் தனித்தனியே அடையாளம் கண்டு பிரிக்கும்படி மாற்றினேன். வட்டங்கள் நின்றன. வரிசை வரிசையாக வினாத்தாள் திறந்தது. செல்வம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதத் தொடங்கினார். நான் கழிவறைக்கு ஓடிப்போய் அழுதேன். ஆனந்தம்!

செல்வம் தேறினார். அனுமதி நீண்டது. இப்போது செம்பவாங் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறார்.

அதுவரை “என் வேலையை ஆசீர்வதியும்” என்று பொதுவாக வேண்டி எழுந்துவிடுவேன். இப்போது எது உடைந்திருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்கிறேன். சகோதர சகோதரிகளே, உங்கள் சிக்கலையும் அப்படியே ஆண்டவர் முன் திறந்து வையுங்கள். கூட மன்றாடுகிறவர்களிடமும் மறைக்காதீர்கள். அவர்களில் யாருடைய கையால் பதில் தருவார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்கே நன்றி.